இத்தாலியின் பழைய கல் நகரங்களில் எந்த வீடு விழும் என்று முன்பே சொல்ல முடியுமா?

கேள்வி இதுதான்: இத்தாலியின் மலை நகரங்களில் முந்நூறு, நானூறு வருஷப் பழைய கல் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. வரைபடம் கிடையாது, உள்ளே கம்பி கிடையாது, யார் எப்போது கட்டியது என்றும் தெரியாது. நிலநடுக்கம் வந்தால் இவற்றில் எது தாங்கும், எது தாங்காது என்று எஞ்சினியர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

பழைய கட்டடங்களில் வேலை பார்க்கும் கட்டமைப்புப் பொறியாளன் என்ற முறையில் நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தனி வீட்டைக் காட்டி "இது கட்டாயம் விழும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு தெருவைக் காட்டினால், எந்த மாதிரி வீடுகள் முதலில் அடிபடும், எந்தச் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று ஓரளவு நன்றாகவே சொல்ல முடியும். அதற்குக் கல்லின் வலிமையை அளக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. கல் நொறுங்கி வீடு விழுவது அபூர்வம். சுவர்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதால்தான் விழுகிறது. எந்த முறையில் மதிப்பிட்டாலும் கடைசியில் எது எதோடு கட்டுண்டு இருக்கிறது என்ற கேள்விக்குத்தான் வந்து நிற்போம்.

இதற்கு 2016-ஐவிட நல்ல பாடம் இல்லை. அந்த வருஷம் ஆகஸ்ட் 24, அதிகாலை 3:36. அக்கூமொலி என்ற சிற்றூருக்கு அருகே 6.0 அளவில் நிலநடுக்கம். அதன் ஒரு பக்கம் அமத்ரீச்சே, இன்னொரு பக்கம் நோர்ச்சா. இரண்டும் அப்பெனைன் மலைத்தொடரில் உள்ள பழைய நகரங்கள். மொத்தம் 299 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அமத்ரீச்சேயில். அந்த நகரின் பிரதான தெரு இருபுறமும் கற்குவியலாகிப் போனது. நோர்ச்சாவில் ஒருவர்கூட இறக்கவில்லை. அக்டோபர் 30-ஆம் தேதி அதைவிடப் பெரியது, 6.5 அளவில், நோர்ச்சாவுக்குப் பக்கத்திலேயே வந்தது. அங்கிருந்த புனித பெனடிக்ட் பேராலயம் முகப்பு மட்டும் மிஞ்ச இடிந்து விழுந்தது. வீடுகளோ, விரிசல் விட்டாலும், பெரும்பாலும் நின்றன.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் விழுங்கிவிடுவார்கள். ஆகஸ்ட் மாதம் அமத்ரீச்சேயில் இருந்த கருவி ஏறத்தாழ 0.87 ஜி பதிவு செய்தது. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 87 சதவீதம். நோர்ச்சாவில் அன்று பதிவானது அதில் பாதிக்கும் குறைவு. எனவே வித்தியாசம் முழுவதும் கட்டுமானத்தால் வந்தது என்று சொன்னால் அது நியாயமான ஒப்பீடு ஆகாது. ஆனால் அக்டோபரில் நோர்ச்சாவே ஏறத்தாழ 0.48 ஜி குலுக்கலைப் பார்த்தது. அதற்கும் அந்த வீடுகள் தாக்குப்பிடித்தன என்பதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நோர்ச்சா ஏற்கெனவே நிறைய அடிவாங்கிய ஊர். 1859-இல் நகரம் நாசமானது. அப்போது அந்தப் பகுதி போப்பின் ஆட்சியில் இருந்தது. அடுத்த வருஷமே கட்டட விதி ஒன்று வந்தது: இரண்டு மாடிக்கு மேல் கூடாது, சுவர் தடிமனாக இருக்க வேண்டும், அடிப்பகுதி வெளியே சரிந்து அகன்று இருக்க வேண்டும். இன்றும் அங்கே போனால் தாழ்வான, அடி பருத்த வீடுகளைப் பார்க்கலாம். பிறகு 1979-இல் மறுபடி ஒன்று, 1997-இல் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அரசுப் பணத்தில் வீடுகளை வலுப்படுத்தினார்கள், எதிரெதிர்ச் சுவர்களைச் சேர்த்து இழுத்துப் பிடிக்கும் இழுகம்பி போட்டார்கள், சுவரைச் சீர் செய்தார்கள். அமத்ரீச்சேயில் ஒழுங்கற்ற கற்களைச் சோடைபோன சாந்தில் அடுக்கிய சுவர்கள் ஏராளம். அவற்றில் சிலவற்றின் தலையில் பிற்காலத்தில் கனமான கான்கிரீட் கூரையையும் ஏற்றியிருந்தார்கள். அந்தக் கூரைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். 6 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு முகப்புச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவரோடும் மாடித் தளத்தோடும் அதற்குப் பிடிப்பே இல்லை என்று வைப்போம். அடியில் இருக்கும் வெளி விளிம்பை அச்சாகக் கொண்டு அது தெருப்பக்கம் சாயத் தொடங்க எவ்வளவு குலுக்கல் வேண்டும்? தடிமனை உயரத்தால் வகுத்தால் போதும்: 0.6 வகுத்தல் 6, ஆக 0.1 ஜி. சுவரின் எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை, கவனித்தீர்களா? எடை கூடினால் சாய்க்கிற விசையும் பிடித்து நிறுத்துகிற விசையும் சேர்ந்தே கூடிவிடும். கல் என்ன வகை, எத்தனை டன் தாங்கும் என்பதும் வரவில்லை.

இப்போது அதே சுவரின் உச்சியை ஓர் இரும்புக் கம்பியால் எதிர்ச் சுவரோடு இழுத்துக் கட்டுங்கள். இனி அது முழுசாக வெளியே சாய முடியாது. விழ வேண்டுமானால் நடுவில் முறிந்து வயிறு தள்ளித்தான் விழ வேண்டும். எளிய கணக்கில் அதற்கு நான்கு மடங்கு குலுக்கல், அதாவது 0.4 ஜி, தேவைப்படும். ஒரே ஒரு கம்பி, இரண்டு பக்கமும் இரும்புப் பிளேட், அவ்வளவுதான் செலவு. பழைய வீடுகளில் இதைவிட மலிவாக இவ்வளவு பலன் தரும் வேலை எதுவும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அந்த 60 சென்டிமீட்டர் சுவர் பார்வைக்கு ஒரே சுவர். உள்ளே இரண்டு தோல், நடுவில் கல்லும் மண்ணும் கொட்டிய நிரப்பு. குலுங்கும்போது தோல்கள் பிரிந்துவிட்டால் ஒவ்வொன்றும் 25, 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள தனிச் சுவராகிவிடும். கணக்கு 0.1-இலிருந்து 0.05 ஜிக்கு இறங்கிவிடும். இழுகம்பி போட்டும் பயனில்லாமல் போகிற வீடுகள் இந்த ரகம். கம்பியும் பிளேட்டும் தம் இடத்திலேயே நிற்கும், சுற்றியுள்ள கல் மட்டும் மணல் மாதிரிக் கொட்டிப்போகும்.

சாயத் தொடங்குவதும் விழுவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் உதாரணச் சுவர் குப்புற விழ, அதன் உச்சி ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வெளியே நகர்ந்தாக வேண்டும். குலுக்கல் அரை நொடியில் திசை மாறினால் சுவர் கொஞ்சம் ஆடிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பி உட்கார்ந்துவிடும். அதனால்தான் 0.1 என்று கணக்கில் வரும் சுவர்கள் 0.2-ஐயும் தாண்டி நிற்பதைப் பார்க்கிறோம். இத்தாலிய விதிகளும் விசையை மட்டும் பார்க்காமல் எவ்வளவு நகர முடியும் என்பதையும் கணக்கில் எடுக்க அனுமதிக்கின்றன.

எதிர்ப்பக்கம், அதாவது பூமி என்ன கொடுக்கும் என்பது. இத்தாலியின் நில அதிர்வு வரைபடத்தில் லாக்விலா நகருக்கு 475 வருஷ மீள்காலத்தில், உறுதியான பாறைத் தரையில், எதிர்பார்க்கும் மதிப்பு சுமார் 0.26 ஜி. ஐம்பது வருஷத்தில் இதைத் தாண்டிப்போக 10 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். இதை உச்ச வரம்பு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். 2009 ஏப்ரல் 6 அதிகாலை 3:32-க்கு லாக்விலாவில் 6.3 அளவு நிலநடுக்கம் வந்தபோது, நகருக்குள் இருந்த கருவி 0.3 ஜிக்கு மேலேயே பதிவு செய்தது. 309 பேர் இறந்தார்கள், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். நம் கணக்கோடு ஒப்பிட்டால் 0.26 என்பது கம்பியால் இழுத்துக் கட்டாத சுவருக்கும் (0.1) இழுத்துக் கட்டிய சுவருக்கும் (0.4) நடுவில் வந்து விழுகிறது. இழுகம்பி போட்ட நகரத்துக்கும் போடாத நகரத்துக்கும் வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

தரையும் சேர்ந்து விளையாடும். லாக்விலாவுக்கு அருகே ஒன்னா என்ற கிராமம் 2009-இல் ஏறக்குறைய தரைமட்டமானது. அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லாத மொன்டிக்கியோவில் வீடுகளும் அதே மாதிரிப் பழையவைதான், சேதம் லேசானதுதான். ஒன்னா ஆற்றங்கரை வண்டல்மேல் இருக்கிறது, மொன்டிக்கியோ பாறைமேல். ஒரு நகர மையத்தை மதிப்பிடும்போது தரை ஆய்வுக்குப் பணம் ஒதுக்காமல் வீடுகளை மட்டும் அளப்பதில் அர்த்தமில்லை. இத்தாலியில் ஊர் ஊராகத் தெருவாரியாக மண்ணைப் பிரித்து வரைபடம் போடும் பழக்கம் 2009-க்குப் பிறகு வேகம் பிடித்தது.

இனி வீட்டுக்கு வருவோம். உள்ளே போகுமுன் தெருவில் நின்று பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. முகப்பில், மாடித் தள மட்டத்தில், இரும்புப் பட்டையோ பெருக்கல் குறி மாதிரிப் பிளேட்டோ தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே இழுகம்பி ஓடுகிறது. லாக்விலா 1703 பிப்ரவரியில் ஒருமுறை இடிந்து மீண்டும் எழுந்த ஊர். அப்போது கட்டியவர்கள் சுவருக்குள்ளேயே நீளமான மர உத்திரங்களைப் புதைத்து, நுனியில் இரும்பு மாட்டி வெளியே பூட்டினார்கள். 2009-இல் அப்படிப் பூட்டிய முகப்புகள் பல இடங்களில் சாயாமல் நின்றன. மரம் உளுத்துப்போன இடங்களில் பிளேட் மட்டும் அலங்காரமாகத் தொங்கியது. ஆகவே பிளேட்டைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடக்கூடாது. வீட்டுக்குள் போய்க் கம்பியைத் தட்டிப் பார்க்க வேண்டும். விறைப்பாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்திருந்தால் மொத்தென்று சத்தம் வரும். அனுபவப்பட்டவர்கள் இன்றும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள்.

பிறகு மூலை. மூலையில் பெரிய செதுக்கிய கற்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரு சுவருக்குள்ளும் நீண்டு பூட்டியிருக்கின்றனவா, அல்லது இரண்டு சுவரும் வெறுமனே முட்டிக்கொண்டு நிற்கின்றனவா? மூலைக்கு மிக அருகே ஜன்னல் வைத்திருந்தால் அந்த மூலை முதலில் போகும். மூலையை ஒட்டி மேலிருந்து கீழாக, மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் ஒரு விரிசல் ஓடினால், முகப்பு ஏற்கெனவே வெளியே போகத் தொடங்கிவிட்டது. ஜன்னல்களுக்கு இடையே பெருக்கல் குறி போட்ட மாதிரி விரிசல் இருந்தால் அது வேறு கதை. சுவர் தன் தளத்துக்குள்ளேயே போராடியிருக்கிறது, பக்கச் சுவரோடு பிடிப்பும் இருந்திருக்கிறது. வீட்டுக்காரருக்குப் பெருக்கல் குறி விரிசல்தான் பயங்கரமாகத் தெரியும், மூலையில் இருக்கும் மெல்லிய நேர்க்கோடு கண்ணிலேயே படாது. எனக்கு நேர்மாறாக அந்த மெல்லிய கோடுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

விரிசல் பழையதா புதியதா என்று பார்ப்பதும் எளிதுதான். உள்ளே ஒட்டடையும் கறுத்த தூசியும் இருந்தால் பழையது. விளிம்பு வெளேரென்று கூராக இருந்தால் புதியது. சந்தேகமிருந்தால் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதிவிடுவார்கள். அசைந்தால் கண்ணாடி உடையும்.

கீழ்த்தளத்தில் கடை வைக்கச் சுவரை அறுத்திருக்கிறார்களா? மேல் மாடி மட்டும் வேறு நிறக் கல்லிலோ செங்கல்லிலோ பிற்காலத்தில் ஏற்றியதா? 2002-இல் சான் ஜூலியானோ தி பூலியா என்ற ஊரில் 27 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் பலிகொண்ட பள்ளிக் கட்டடத்தில், பழைய கல் சுவர்மேல் பின்னால் மாடி ஏற்றியிருந்தார்கள். அதே ஊரில் பல வீடுகள் நின்றன. இத்தாலி தன் நில அதிர்வு மண்டலப் பிரிவையே அடுத்த வருஷம் மாற்றி எழுத அந்தப் பள்ளிதான் காரணம்.

வீட்டுக்குள் போனால் பூச்சுதான் எதிரி. நல்ல பெயின்ட் அடித்த வழவழப்பான சுவர் எதையும் சொல்லாது. ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவுக்குப் பூச்சை உரித்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் ஒரு மூலையில். பெரூஜா பல்கலைக்கழகத்தில் உருவான சுவர்த் தர அட்டவணை ஒன்று பரவலாகப் பயன்படுகிறது. அது ஏழு விஷயங்களைக் கேட்கும்: சாந்தின் தரம், கல்லின் தரம், கல்லின் வடிவம், அளவு, வரிசைகள் படுக்கையாக மட்டம் பிடித்திருக்கின்றனவா, செங்குத்து இணைப்புகள் வரிக்கு வரி மாறி வருகின்றனவா, சுவரின் ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை போகிற பிணைப்புக் கல் இருக்கிறதா. நம் ஊர்க் கொத்தனார் ஒருவரிடம் கேட்டாலும் இதே ஏழைத்தான் தம் வார்த்தையில் சொல்வார். நல்ல வேலைக்கு அவர்கள் கையில் இருக்கும் இலக்கணமே இதுதான். 1990-களில் அந்தோனினோ ஜுஃப்ரே என்ற இத்தாலியப் பொறியாளர் இந்தக் கைத்தொழில் இலக்கணத்தையே மதிப்பீட்டின் அடித்தளமாக வைத்தார். சிரக்கூசாவின் ஒர்த்தீஜியா தீவில் உள்ள பழைய நகரத்தை வீடு வீடாக ஆராய்ந்து, அந்தந்த ஊரில் சுவர் எப்படிக் கட்டினார்கள் என்று தெரியாமல் ஒரு கணக்கும் போடாதீர்கள் என்று காட்டினார். அதுவரை கல் சுவரையும் கான்கிரீட் சட்டம் மாதிரிப் பாவித்துச் சூத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஏழில் என் கணக்கில் முதலிடம் பிணைப்புக் கல்லுக்கு. சாந்து கெட்டால் திரவச் சாந்தை ஊசி மாதிரிச் செலுத்தி ஓரளவு சரிசெய்யலாம். பிணைப்புக் கல் இல்லாத சுவரில் துளை போட்டுக் குறுக்கே கம்பி வைத்துத் தைக்க வேண்டியிருக்கும், அதுவும் நெருக்கமாக. வெளியிலிருந்து பார்த்துப் பிணைப்புக் கல்லைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஜன்னல் ஓரமோ இடிந்த மூலையோ குறுக்குவெட்டைக் காட்டினால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் விரல் தடிமனுக்குத் துளை போட்டுச் சிறு கேமராவை உள்ளே விடுவார்கள். சாந்தைச் சோதிக்க ஆணி போதும்: சுரண்டினால் மாவாக உதிர்ந்தால் அது சாந்து இல்லை, மண்.

சுவரில் படுக்கை வரியை அறுத்து, தட்டையான ஜாக்கைச் செருகி எண்ணெய் அழுத்தம் ஏற்றும் சோதனையும் உண்டு. சுவரில் இப்போது எவ்வளவு அழுத்தம் நிற்கிறது, எவ்வளவு விறைப்பு என்பதை அது சொல்லும். செலவும் ஆகும். ஒழுங்கற்ற கல் சுவரில் அதன் முடிவு ஓரடி தள்ளிச் செய்தால் வேறாக வரும் என்பதையும் மறக்கக்கூடாது.

இத்தாலிய விதிகள் இதை நேர்மையாக ஒப்புக்கொள்கின்றன. ஒரு கட்டடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். குறைவாகத் தெரிந்தால் வலிமையை 1.35-ஆல் வகுக்க வேண்டும், நடுத்தரமாகத் தெரிந்தால் 1.20-ஆல். முழுசாகத் தெரிந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அறியாமைக்கு அபராதம் போடும் விதி என்று இதைச் சொல்லலாம். எனக்கு இது ரொம்பப் பிடித்த விதி. வீட்டுக்காரரிடம் "பூச்சை உரிக்கவிட்டால் உங்கள் செலவுதான் குறையும்" என்று பேச இதுதான் வழி செய்கிறது.

பழைய நகர மையத்தில் இன்னொரு சிக்கல், தனி வீடு என்று ஒன்றே கிடையாது. ஒரு தெருவின் பத்து வீடுகளும் ஒரே உடம்பு. நடுவில் இருக்கும் வீட்டை இருபுறமும் அண்டை வீடுகள் தாங்கிப் பிடிக்கும். வரிசையின் கடைசி வீடு, அதிலும் முச்சந்தி மூலை வீடு, எல்லோருடைய தள்ளுதலையும் வாங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டைவிட ஒரு மாடி உயரமான வீட்டில் அந்தத் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் மாடி முதலில் உடையும். இரு வீடுகளின் தளங்களும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் ஒன்றின் தளம் மற்றதன் சுவரை நடுவில் குத்தும். 2009-க்குப் பிறகு லாக்விலாவில் மறுகட்டுமானத் திட்டங்களை வீடுவாரியாகப் போடாமல் ஒட்டிய வரிசைவாரியாகப் போடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பத்து உரிமையாளர்கள் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து சம்மதிக்க வேண்டும். பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு அதன் சுகம் தெரியும். பொறியியலைவிட அதற்கே நேரம் அதிகம் போனது.

இப்போது அந்தக் கான்கிரீட் கூரை. 1976-இல் ஃப்ரியூலியிலும் 1980-இல் இர்ப்பீனியாவிலும் நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கில் வீடுகள் விழுந்த பிறகு, மரத் தளத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுங்கள், சுவர் உச்சியில் கான்கிரீட் பெல்ட் ஓட்டுங்கள் என்பது பொது அறிவுரை ஆனது. காகிதத்தில் சரி: விறைப்பான தளம், எல்லாச் சுவரையும் சேர்த்துப் பிடிக்கும். 1997-இல் உம்பிரியாவில் செல்லானோ போன்ற ஊர்களில் அதன் மறுபக்கம் தெரிந்தது. அப்படி வலுப்படுத்திய வீடுகள் சிலவற்றில் பெல்ட்டும் கூரையும் முழுசாக இருந்தன, அவற்றுக்குக் கீழே இருந்த சுவர் வெளியே கொட்டியிருந்தது. பெல்ட்டை உட்கார வைக்கச் சுவரின் உள் தோலை மட்டும் குடைந்திருந்தார்கள். கூரையின் பாரம் முழுவதும் உள் தோலுக்குப் போனது. வெளித் தோலை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லாததால் அது கழன்றுகொண்டது. பாரம் அதிகமானதால் குலுக்கல் விசையும் அதிகம். நல்ல சுவர்மேல் கான்கிரீட் தளம் போட்டால் சரியாக நிற்கிறது, பல இடங்களில் நின்றும் இருக்கிறது. மோசமான சுவர்மேல் போட்டால் அது கொலைகாரன். இன்றைய பழக்கத்தில் மரத் தளத்தை வைத்துக்கொண்டே, அதன்மேல் இன்னொரு பலகை அடுக்கைக் குறுக்காக அடித்து, ஓரத்தை இரும்பால் சுவரோடு பிணைக்கிறார்கள். எடை ஏறாது, பிடிப்பு வந்துவிடும்.

சரி, ஐந்நூறு வீடு இருக்கும் நகரத்தில் இவ்வளவையும் வீடு வீடாகச் செய்ய முடியுமா? முடியாது. அங்கேதான் மதிப்பெண் முறைகள் வருகின்றன. 1984-இல் இத்தாலியில் பெனெதெத்தியும் பெத்ரீனியும் 11 அம்சங்கள் கொண்ட ஒரு படிவத்தை வகுத்தார்கள். சுவர்களின் பிணைப்பு, சுவரின் தரம், தளம், கூரை, திட்டவடிவம், உயரவாக்கில் மாற்றம், சுவர்களுக்கு இடையே உள்ள தூரம், அடித்தளம், பராமரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் டி வரை நான்கு தரம், முக்கியத்துவத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. கூட்டினால் ஒரு பலவீன எண் வரும். போர்ச்சுகலின் கோயம்பிரா பழைய நகருக்கு இதையே 14 அம்சங்களாக விரித்தார்கள், அண்டை வீட்டின் பாதிப்பையும் சேர்த்து. அந்த எண்ணையும் எதிர்பார்க்கும் குலுக்கலையும் வைத்து எத்தனை வீடு எந்த அளவு சேதமாகும், எத்தனை பேர் தெருவுக்கு வருவார்கள் என்று நகரத்துக்கே ஒரு வரைபடம் போடலாம்.

குலுக்கலின் கடுமையைச் சேதத்தை வைத்து அளக்கும் ஐரோப்பிய அளவுகோல் (EMS-98), 1998-இல் வந்தது, இன்னும் எளிமையானது. ஒழுங்கற்ற கல் வீடு ஏ வகுப்பு, எளிய செதுக்குக் கல் பி, பெரிய செதுக்குக் கல் சி என்று ஆறு வகுப்புகள். சேதம் ஐந்து நிலைகள். இதில் எனக்குப் பிடித்தது, அது சதவீதத்தைத் துல்லியமாகச் சொல்லாமல் "சில", "பல", "பெரும்பாலான" என்ற மூன்று சொற்களில் பேசுவது. அந்தச் சொற்களின் எல்லைகள்கூட ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இந்தத் துறையின் உண்மையான துல்லியம் அவ்வளவுதான்.

மதிப்பெண் முறையைத் தவறாகப் பயன்படுத்துவதையும் பார்க்கிறேன். 43.7 மதிப்பெண் வீடு 41.2 மதிப்பெண் வீட்டைவிட ஆபத்தானது என்று அறிக்கை எழுதுகிறார்கள். இரண்டு பேர் தனித்தனியே அதே வீட்டுக்குப் போய்ப் படிவம் நிரப்பினால் வரும் வித்தியாசமே அதைவிட அதிகம். ஐந்நூறு வீட்டை நான்கைந்து கூடைகளாகப் பிரித்து, எதை முதலில் நெருங்கிப் பார்ப்பது என்று முடிவெடுக்க இது அருமையான கருவி. ஒரு வீட்டில் குடியிருக்கலாமா என்று முடிவெடுக்க இது உதவாது. அதற்கு மேலே சொன்ன சாய்வுக் கணக்கு வேண்டும். முகப்பு கட்டுண்டிருந்தால் அதற்குப் பிறகுதான் ஜெனோவா பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரெமூரி போன்ற மென்பொருளில் முழு வீட்டையும் மாதிரியாக்கித் தள்ளிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. அந்த மென்பொருள் சுவர்கள் பிரியாது என்று நம்பிக்கொண்டுதான் கணக்கை ஆரம்பிக்கும். பிரியுமா என்று பார்க்காமல் நேரே கணினியில் உட்கார்ந்துவிடுகிற இளைஞர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

தேவாலயங்களுக்கு வேறு படிவம் உண்டு. பெரிய கூடம், உயரமான சுவர், குறுக்கே தளமே கிடையாது. அதனால் 28 விதமான உடைவுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் தனியே பார்க்கிறார்கள். நோர்ச்சாவில் வீடுகள் நின்று ஆலயங்கள் விழுந்ததற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

நிலநடுக்கம் வந்த மறுநாள் செய்யும் ஆய்வு முற்றிலும் வேறு வேலை. இத்தாலியில் அதற்கு ஒரு பொதுப் படிவம் இருக்கிறது, முடிவு ஏ முதல் எஃப் வரை. ஏ என்றால் குடியிருக்கலாம், ஈ என்றால் கூடாது. எஃப் விசேஷமானது: உங்கள் வீடு நன்றாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டு மணிக்கூண்டோ புகைபோக்கியோ உங்கள்மேல் விழும் நிலையில் இருக்கிறது. ஒட்டிக் கட்டிய நகரத்தில் எஃப் ஏராளமாக வரும். முதல் அடியில் விரிசல் விட்டவை அடுத்த அடியில் முடிந்துபோகும். ஆகஸ்டில் அமத்ரீச்சேயில் அரைகுறையாக நின்றவற்றில் பல அக்டோபரில் விழுந்தன. மக்கள் முன்பே வெளியேறியிருந்ததால்தான் அக்டோபர் 30 அன்று இடிபாட்டில் யாரும் சாகவில்லை.

கடைசியாக, குறைந்த பணம் கையில் இருக்கும் ஒரு நகராட்சி எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பது. மிகப் பலவீனமான வீட்டில் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரில் சுமார் நாற்பது பேர் பழைய செங்கல் கட்டடங்களால் இறந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடங்களுக்குள் இருக்கவில்லை. நடைபாதையில், பேருந்தில், பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார்கள், முகப்பு அவர்கள்மேல் விழுந்தது. ஆகவே வீட்டின் பலவீனத்தோடு அது எங்கே விழும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தாலியில் 2012 முதல் இதற்கென்றே ஓர் ஆய்வு முறை இருக்கிறது. நெருக்கடி நேரத்தில் இயங்கியே ஆகவேண்டிய கட்டடங்கள், மக்கள் கூடும் திடல்கள், அவற்றை இணைக்கும் சாலைகள் ஆகியவற்றை வரைபடத்தில் குறிப்பார்கள். அந்தச் சாலையோரம் இருக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே கேள்வி: முகப்பின் உயரம், அதற்கு எதிரே இருக்கும் சாலை அகலத்தைவிட அதிகமா? அதிகமென்றால் அது விழுந்தால் வழி அடைபடும், ஆம்புலன்ஸ் போகாது.

இந்தக் கேள்விக்குக் கணினி வேண்டாம், அளவு நாடா போதும். நான் ஒரு நகராட்சிக்கு யோசனை சொல்வதாக இருந்தால், மருத்துவமனைக்குப் போகும் ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, அதில் சாலை அகலத்தைவிட உயரமான முகப்புகளைக் குறித்து, அவற்றில் இழுகம்பி இல்லாதவற்றுக்கு இந்த வருஷப் பணத்தைச் செலவிடுங்கள் என்பேன். புகைபோக்கிகளையும் தளர்ந்த கைப்பிடிச் சுவர்களையும் அதே சாரத்தில் ஏறிய ஆட்களை வைத்தே கட்டிவிடலாம். அடுத்த தெரு அடுத்த வருஷம்.